ஸ்க்ரூவில் கீறல் தேடிய நைனா

எங்கள் நைனா, பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் வயல் வேலைக்குப் போன குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் சேர்ந்தார். தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பிறகே தம் கல்யாணத்தை நினைத்தார். ஆலையில் மெஷின் நின்றால் வீட்டுக்கு ஆள் வரும். பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு ஓடுவார். அம்மா திட்டுவது காதில் விழாது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அம்மாவை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அங்கே ஸ்கேன் மெஷின் மேல் 'பழுது' என்று அட்டை ஒட்டியிருந்தது. சரி செய்ய ஆள் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அம்மாவை வேனில் படுக்கவைத்துச் சென்னைக்குக் கொண்டு போனோம். "நாலு நாளா? இங்க இருக்கறவன் ஒர்த்தனுக்குக் கூடவா தெரியாது?" என்று வழியெல்லாம் நைனா புலம்பிக்கொண்டே வந்தார். அம்மா பிழைத்து வந்தார். ஆஸ்பத்திரி மெஷின்களைப் பார்க்கும் உயிர் மருத்துவப் பொறியியலைப் படிக்க வேண்டும் என்ற ஆசை அந்த வேனில்தான் எனக்கு வந்தது.

அப்போது அந்தப் படிப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய கல்லூரிகளில்தான் இருந்தது. "கம்ப்யூட்டர்ல சேத்து வுடுண்ணா. இத்த படிச்சா எவன் வேலை குடுப்பான்?" என்றார் சித்தப்பா.

"அது ஆசப்படுது. நீ சும்மா இரு" என்றார் நைனா.

கவுன்சிலிங்குக்கு முன்னால் லீவு போட்டு, என்னை மூன்று கல்லூரிகளுக்கு அழைத்துப் போனார். மற்றவர்கள் ஹாஸ்டலையும் பஸ்ஸையும் விசாரித்துக்கொண்டிருக்க, நைனா நேரே லேபுக்குப் போவார். மெஷின்களின் பின்பக்கம் குனிந்து ஸ்க்ரூத் தலைகளை விரலால் தடவிப் பார்ப்பார். எனக்கு மானம் போனது.

நான் மனத்தில் குறித்து வைத்திருந்தது கண்ணாடிக் கட்டடமும் ஏ.சி. லேபும் உள்ள கல்லூரி. அங்கே நைனா உதட்டைப் பிதுக்கினார். "ஒரு ஸ்க்ரூல கூட கீறல் இல்லம்மா. வாங்கின நாள்லேர்ந்து எவனும் தொறக்கல. வெளிய பாத்துக்கினு நின்னா நீ இன்னா கத்துக்குவ?"

கடைசியாகப் பார்த்த கல்லூரியில் லேபுக்குத் தகரக் கூரை. ஸ்க்ரூக்கள் எல்லாம் தேய்ந்து, கீறல் விழுந்து கிடந்தன. நைனா முகம் மலர்ந்துவிட்டது. கவுன்சிலிங் அன்று திரையில் இரண்டு கல்லூரிகளிலும் இடம் இருந்தது. நைனா சொன்னதையே எடுத்தேன். திரும்பி வந்த ரயிலில் பொன்னேரி தாண்டும் வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன்.

முதல் வருடத்திலேயே நைனா சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. ஈ.சி.ஜி. மெஷினைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக எங்கள் கை ஓயவில்லை. படித்து முடித்ததும் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. ஆனால் 'நீ சொன்னதுதான் சரி' என்று ஒரு வார்த்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. வெறும் வீம்பு. நைனாவும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்தபோது அவரை நான் வேலை பார்க்கும் அந்த ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். கட்டிலோரம் ஸ்டாண்டில் இருந்த மானிட்டர், முந்தின மாதம் நானே பிரித்துச் சரி செய்தது. அது நைனாவுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காலை நைனா மெல்லக் கையை நீட்டி அதன் பின்பக்கம் தடவினார்.

"கீறல் இருக்குதும்மா" என்று சிரித்தார். "இங்க தொறந்து பாக்கறவங்க இருக்காங்க. நல்ல எடந்தான்."

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. "கைய ஆட்டாத நைனா, ஒயரு கழண்டுக்கும்" என்று அதட்டி, அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். அன்று சாயந்திரமே நைனா போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த சித்தப்பாவுக்கும், ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்து தோள் கொடுத்த ஆலை நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும், இரவும் பகலும் கவனித்த நர்ஸ்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இந்த ஒரு வருடமாக, எந்த மெஷினைப் பூட்டினாலும் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிய பிறகு சற்று நிற்கிறேன். அந்த விரல் ஒரே ஒரு தடவை வந்து தடவிப் பார்க்காதா என்று ஏக்கமாக இருக்கிறது.

அந்த மானிட்டர தொறந்தது நான்தான், நைனா.

மகள்