எலும்பு டாக்டர்

எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூலையிலிருக்கும் பெயரைப் படித்து, "இடுப்பு போயிருச்சே பெரியவரே, எப்படித்தான் உக்காந்தீங்களோ!" என்று விசாரித்த பிறகுதான் தொட்டியில் போடுவார். குழந்தைப் படமென்றால் மட்டும் பேச்சு இருக்காது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் எலும்பு டாக்டர்.

ஆஸ்பத்திரிகள் கழித்துவிடும் பழைய படங்கள் மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். மருந்துத் தண்ணீரில் ஊறினால் கறுப்பெல்லாம் கரைந்து வெற்றுத் தகடு மிஞ்சும். அந்தக் கழிவுநீரை இயந்திரத்துக்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், படங்களின் கறுப்பிலிருந்து கரைந்த வெள்ளி, உள்ளே சுழலும் எஃகு உருளையில் சாம்பல் நிறச் சேறாக அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டி என் தராசுக்குக் கொண்டுவருவதும் அவர் வேலைதான்.

போன வாரம் காய்ச்சலில் இரண்டு நாள் வரவில்லை. எட்டு வருடத்தில் முதல் விடுப்பு. திரும்பி வந்ததும், "பெரிய ஆஸ்பத்திரி மூட்டை எங்கே?" என்றார்.

"நானே முடிச்சிட்டேண்ணே! காய்ச்சலோட வந்து கஷ்டப்படுவீங்களேன்னுதான்" என்றாள் கூட வேலை பார்க்கும் ஒல்லிப் பெண் குண்டூசி. அவளுக்கு முகமெல்லாம் பெருமை.

"நல்லதும்மா" என்றார்.

மதியம் என்னிடம் சொன்னார். ஆறு வயது மகள் படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாளாம். படம் எடுத்தது அந்த ஆஸ்பத்திரியில். கட்டுப் பிரித்த மறு மாதமே மூளைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. படங்களைப் பன்னிரண்டு வருடம் வைத்திருந்து கழிப்பார்கள், கழித்தால் இங்கேதான் வரும் என்று விசாரித்துத்தான் இந்த வேலைக்கே சேர்ந்திருக்கிறார் மனிதர். அந்த வருடத்து மூட்டைதான் அது.

"வீட்டுல ஒரே ஒரு போட்டோ. அதுலயும் கழுதை கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்குது. அந்தக் கையை ஒரு தடவை பாத்திருக்கலாம்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "யார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாய்யா?"

"சொன்னா எல்லாரும் தேட ஆரம்பிச்சிடுவீங்க. முதல்ல நான் பாக்கணும்னு இருந்தேன். குண்டூசிகிட்ட மூச்சு விட்டுடாதீங்க, அவ தாங்கமாட்டா."

சாயங்காலம் இயந்திரத்தைத் திறந்தார். இரண்டு நாள் வெள்ளியும் உருளையில் தடிப்பாக அப்பியிருந்தது. குண்டூசி இரும்புச் சுரண்டியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, விரலாலேயே மெல்ல மெல்ல வழித்தெடுக்க ஆரம்பித்தார்.