பிரியாணி ஆசை காட்டாமல் ஒரு பல்

பிரியாணிக் கடை வாசலில் ஒரு பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டதைத் திண்டுக்கல்லில் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் சித்தி மகள், எட்டாவது படிக்கிறாள். சித்தியும் அவளும் குஜிலியம்பாறை பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார்கள்.

"வா தாயி, சாப்பிட்டுட்டுப் போவோம்" என்று சித்தி இழுத்தார்.

"பொய்! போன தடவையும் இப்படித்தான கூட்டியாந்து பல்லைப் புடுங்குனீங்க!"

சட்டென்று எனக்குப் பொறி தட்டியது. ஊசி எப்போது வரும் என்று தெரியாததுதான் இவளுக்கு ஊசியைவிடப் பெரிய பயம். எங்கள் உறவில் பிள்ளைகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவது எப்போதுமே இப்படித்தான்: பிரியாணி என்று கிளம்புவார்கள், பாதி வழியில் ஆட்டோ பல் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிவிடும்.

அவளுடைய கடைவாய்ப் பல்லில் குழி விழுந்திருந்தது. ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். இப்போது அடைத்தால் பல் தப்பிக்கும். தள்ளிப்போட்டால் அதையும் பிடுங்க வேண்டிவரும். பல் மருத்துவம் படிக்கும் எனக்கு அது தெரியும். ஆனால் அவள் வாயைத் திறந்தால்தானே?

"இங்க பாரு புள்ள. நேரா பல் ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். இன்னைக்கு உன் பல்லை யாரும் தொட மாட்டாங்க. சும்மா நாற்காலியில உக்காந்துட்டு வந்துருவோம்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

"பிரியாணி?"

"கிடையாது."

அதைக் கேட்ட பிறகுதான் கை வாயை விட்டு இறங்கியது.

நாகல் நகரில் எனக்குத் தெரிந்த டாக்டரம்மா, நோயாளிகள் இல்லாத மதிய நேரத்தில் நாற்காலியை எங்களிடம் விட்டார். சித்தி மகள் அதில் ஏறி, பொத்தானை அழுத்தி அழுத்தி மேலே போனாள், கீழே வந்தாள். அலுத்ததும் என்னைப் படுக்கச் சொல்லி, குட்டிக் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டாள்.

"அக்கா, உனக்கும் ஒண்ணு கறுத்துக் கெடக்கு! நீயெல்லாம் டாக்டராகி..."

சித்தி முந்தானைக்குள் சிரித்தார். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "சரியாத்தான் சொல்றா. அடைக்கணும்" என்றார். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்தவர் வாயில் ஊசி போடப் படிப்பது வேறு, நம் வாயில் வாங்குவது வேறு.

"அப்ப மொதல்ல உனக்கு. நான் பக்கத்துல நின்னு பாப்பேன். நீ கத்தலைன்னா அடுத்து நான் உக்காருறேன்" என்றாள் அவள்.

வருகிற சனிக்கிழமை இருவருக்கும் பல் அடைக்கிறார்கள். ஊசி எங்கே குத்தும், எதற்கு, உதடு மரத்துப்போனால் எப்படி இருக்கும் எல்லாம் அவளிடம் சொல்லியாயிற்று. மரப்பு விட்ட பிறகுதான் சாப்பாடு என்பதையும். மிச்சம் ஒன்றுதான்: நான் கத்தக் கூடாது.