கையைக் கட்டிக்கொண்டு ஆறு மணி நேரம்

எங்கள் நர்சிங் வகுப்பில் எல்லோருக்கும் வயது இருபத்தொன்று. அக்காவுக்கு மட்டும் முப்பத்தொன்பது. நாங்கள் பயிற்சி எடுக்கும் அதே ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் ஆயாவாக வேலை பார்த்தவள். பன்னிரண்டாம் வகுப்பை வீட்டிலிருந்தே படித்து முடித்துவிட்டு, ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். "ஒரே பெஞ்சுல உக்காந்துட்டு என்ன நீங்க, வாங்க? நீன்னே கூப்பிடு" என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள். ஊசி போடுவதிலும் கட்டுக் கட்டுவதிலும் எங்களில் ஒருத்திகூட அவள் பக்கத்தில் நிற்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. என் டியூட்டியில் பாதியை அவள்தான் செய்தாள்.

அப்பேர்ப்பட்டவள் ஃபெயிலானாள். அதுவும் எதற்கு? வேலை செய்ததற்கு!

கடைசி வருடத்தில் ஒரு தேர்வு உண்டு. காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணிவரை ஒரு மாணவி வார்டின் இன்சார்ஜாக இருக்க வேண்டும். மற்ற நான்கு மாணவிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லாப் படுக்கைகள் மேலும் ஒரு கண் இருக்க வேண்டும். அடுத்தவளிடம் கொடுக்கக்கூடிய வேலையைத் தானே செய்தால் மார்க் போகும். இதில் தேறினால்தான் லைசென்ஸ் தேர்வுக்கான விண்ணப்பத்தில் எங்கள் மேடம் கையெழுத்துப் போடுவார். முதல் தடவை, யாரோ ஒரு நோயாளி வாந்தி எடுத்ததும் அக்கா மாப்போடு ஓடினாள். நாங்கள் நாலு பேரும் பொம்மை மாதிரி நின்றோம். அவள் துடைத்து முடிப்பதற்குள் மூன்றாம் படுக்கையில் டிரிப்ஸ் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறியிருந்தது. மேடம் தாளில் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் அடுத்த வருடம்தான். ஆனால் புது நர்சுகளை வேலைக்கு எடுக்க வயது வரம்பு நாற்பது. அடுத்த வருடத் தேர்வு முடிவதற்குள் அக்கா அதைத் தாண்டிவிடுவாள்.

எனக்கு வந்ததே கோபம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேராக அவள் வீட்டில் போய் நின்றேன். "உக்காரு. சாப்பாடு முடியற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. எது வேணும்னாலும் வாயால சொல்லு" என்று நாற்காலியில் அமர்த்தினேன். பத்து நிமிடத்தில் மூன்று தடவை எழுந்துவிட்டாள்.

"அம்மா, தண்ணி கொண்டான்னு என்கிட்ட சொல்லிட்டு நீயே போய் எடுத்துட்டு வந்துட்டே" என்றாள் அவள் மகள்.

அக்காவின் கணவர் பஸ் டிரைவர். "நான் வண்டி ஓட்டிட்டு இருக்கறப்போ, டிக்கெட் கொடுக்கறேன்னு எந்திரிச்சுப் போனா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"பஸ்ஸு பள்ளத்துல கெடக்கும்" என்றாள் அக்கா.

"அதைத்தான் சொல்றேன்."

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "பதினாறு வருஷமா யாராவது சொல்லுவாங்க, நான் செய்வேன். இன்னொருத்தரை வேலை ஏவ எனக்கு நாக்கு எழும்ப மாட்டேங்குது" என்றாள். அதற்குமேல் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

தேர்வு நாள் வந்தது. ஒன்பது மணிக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு கவிழ்ந்து நடு வார்டெல்லாம் கஞ்சி. அக்காவின் கால் ஓரடி முன்னால் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"நீ போய்த் துடை" என்றாள் என்னைப் பார்த்து.

"நானா?"

"நீதான். சீக்கிரம்."

மூன்று வருடத்தில் நான் மாப்பைத் தொட்டதே இல்லை. துடைத்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் கூரையில் ஒட்டியிருந்த பல்லியைக்கூடக் கட்டிக்கொண்டிருப்பேன்.

கஞ்சியைத் துடைக்கக் குனியாததால் அக்காவின் கண் ஐந்தாம் படுக்கைக்குப் போனது. அங்கே முந்தின நாள் வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒரு அம்மா. முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, போர்வையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "நீ பிரஷர் பாரு. நீ ஆக்சிஜன் வை. நீ அவசர டிராலியைத் தள்ளிட்டு வா." ஒருத்திக்கும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடேயப்பா, இந்தக் குரலை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள்!

அக்கா டாக்டருக்குப் போன் செய்தாள். மேடம் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாரு, நம்ம ஆயாம்மாவா? அங்க நர்ஸ் யாரும் இல்லையா?" டாக்டரின் குரல் எங்களுக்கே கேட்டது. எனக்கு மாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவரை நாலு போடலாமா என்று இருந்தது.

அக்கா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். "இன்னைக்கு இந்த வார்டுக்கு இன்சார்ஜ் நான்தான் சார். அஞ்சாம் படுக்கையில பிரஷர் எண்பத்திநாலு, பல்ஸ் நூத்திமுப்பது, வயிறு உப்பியிருக்கு. உள்ள ரத்தம் கசியுதுன்னு சந்தேகப்படறேன். நீங்க இப்பவே வரணும்."

"ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வர்றேன்."

"அதுவரைக்கும் தாங்காது சார். நீங்க வர முடியலைன்னா நான் பெரிய டாக்டரைக் கூப்பிடறேன்."

நாலாவது நிமிடம் அவர் வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். அந்த அம்மாவை உடனே ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளச் சொன்னார். உள்ளே தையல் ஒன்று விட்டிருந்ததாம். மத்தியானத்துக்குள், உயிருக்கு ஆபத்தில்லை என்று செய்தி வந்துவிட்டது.

ஒரு மணிக்கு மேடம் எங்களை மேசைக்குக் கூப்பிட்டார். தாளை மேலும் கீழும் பார்த்தார். "ஆறு மணி நேரம் உங்களையே பார்த்துட்டு இருந்தேன். நீங்க ஒரு துரும்பைக்கூட நகர்த்தலை" என்றார் அக்காவிடம்.

அக்காவின் முகம் வாடிவிட்டது.

"பாஸ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, லைசென்ஸ் விண்ணப்பத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

நாங்கள் கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. நான் அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று எனக்கே தெரியாது. அக்கா பேனாவை எடுத்தாள். பேனா இரண்டு தடவை நழுவி விழுந்தது.

"குடுக்கா, நான் எழுதறேன். நீ கையெழுத்து மட்டும் போடு" என்று தாளை இழுத்தேன்.

"கையை எடுடி" என்றாள் அக்கா. "இதை நானேதான் பண்ணுவேன்."