இரண்டு தாளம் முந்திய ஷாலு டீச்சர்

கேரள எல்லையோரம் பாறசாலையில் தையல் கடைக்கு மேல் மாடியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த ஷாலு டீச்சருக்கு 1996-ல் வயது இருபத்துநாலு. தப்பு என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஒரு பக்கத்தில் ஒரு எழுத்து மாறினாலும் தாளை உருவி எடுத்துவிட்டு, "முதல்ல இருந்து அடி, மக்கா" என்பாள். அந்த மக்காவில் பிரியம் கொஞ்சமும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சபைப் பாடகர் குழுவிலும் இதே கதைதான். வரிகளுக்கு நடுவே மற்றவர்கள் எத்தனை தாளம் நிறுத்துகிறார்கள் என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டே பாடுவாள். பாஸ்டர் ஜெபத்தை நீட்டினால் அதையும் எண்ணுகிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அவளுடைய பெரியம்மா மகன் ஜிஜின் ஒரு பாட்டுக் கட்டினான். வெள்ளறடை பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவன், மழைக்கு முன்னால் வந்துவிடு என்று ஒருத்தியைக் கூப்பிடும் பாட்டு. சபையில் பாடக்கூடிய சங்கதி அல்ல. ஆகவே அடுத்த வீட்டு ஸ்மிதாவையும் சேர்த்து மூன்று பேராகத் தனிக் குழு தொடங்கினார்கள். 'நெய்யாறு வாய்சஸ்' என்று பெயர். பாட்டு ஒன்றுதான் கையில் இருந்தது. பெயர் மட்டும் பெரிதாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு மணி நேரம் கிடைத்தது. அதில் ஒன்றேகால் மணி நேரம் கரண்ட் இல்லை. "மழை வருதே" என்று மூவரும் பாடி, நாலு தாளம் நிறுத்தி, "நீ வா" என்று சேர்ந்து முடிக்க வேண்டும். இதற்காக ஷாலு மற்ற இருவரையும் ஒரு மாதம் வறுத்தெடுத்திருந்தாள். கடைசிப் பதிவில், நேரம் முடியப் போகும் பதற்றத்தில், இரண்டாம் தாளத்திலேயே ஒற்றைக் குரல் "நீ வா" என்று குதித்தது. ஷாலுவின் குரல். மற்ற இருவரும் விழித்துவிட்டு, சரியான இடத்தில் பாடி முடித்தார்கள்.

"இன்னும் ஒரு தடவை எடுக்கணும்" என்றாள் ஷாலு.

அடுத்த குழு வாசலில் நின்றது. ரெக்கார்டிஸ்ட் "சாரமில்லை" என்று, பரவாயில்லை என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு டேப்பைச் சுற்றினார்.

வேறு பாட்டு இல்லாததால் கேசட்டின் இரண்டு பக்கமும் அதே பாட்டுத்தான். அதுவே யோகமாகிவிட்டது. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஒரு தடவை போட்டால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் நெய்யாற்றின்கரை வரை அந்தப் பாட்டு இல்லாத கடை இல்லை. ஆட்டோ ஓட்டும் ராஜையா அவளை ஏற்றிப் போகும்போது, அவள் முந்திப் பாடிய இடத்தில் ஒலியைக் கூட்டினார்.

"அது தப்பு, அண்ணே" என்றாள் ஷாலு.

"தப்போ? அந்த எடம்தான் பாட்டு, டீச்சரே. நாலு நாள் காணாதவ ஓடி வாற மாதிரி ஆக்கும் இருக்கு."

அந்த வருடம் ஓண விழாவுக்கு நெய்யாற்றின்கரையில் மேடை கிடைத்தது. இன்று சரியாகப் பாடி ஊர் வாயை அடைக்கிறேன் என்று ஷாலு ஏறினாள். "மழை வருதே" முடிந்தது. அவள் விரல் இரண்டில் நிற்கும்போதே ஐந்நூறு பேர் "நீ வா" என்றார்கள். அவள் நாலு எண்ணிப் பாடியபோது, பின்வரிசையில் ஒருவர், "பாவம், கொச்சுப் பொண்ணுக்கு நடுக்கம்" என்றார்.

ஜிஜின் அவள் காதருகே குனிந்தான். "நீ எண்ணினது சரிதான். ஆனா அவிய ஐந்நூறு பேரு உண்டு, கேட்டியா."

அடுத்த சரணத்தில் ஷாலு இரண்டிலேயே "நீ வா" என்றாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணிய விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் இருந்த ஜெயதாஸ் என்ற ஆபீஸ் குமாஸ்தா ஒரு வாரம் கழித்து அவளுக்குக் கடிதம் டைப் அடித்து அனுப்பினார். ஷாலு மூன்று பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினாள். மறுபடி அடித்தார், ஒரு பிழை. மூன்றாம் தடவை பிழையே இல்லை. அப்போதுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாள். தொண்ணூற்றெட்டு தை மாதம் கல்யாணம்.

அதற்குள் ஜிஜின் துபாய்க்குப் போயிருந்தான். ஸ்மிதா களியக்காவிளைக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஷாலு விடவில்லை. ஜெயதாஸைப் பக்கப்பாட்டுக்கு நிறுத்தி, எட்டுப் பாட்டுகளில் இரண்டாவது கேசட் போட்டாள். எல்லாத் தாளமும் அளந்து வைத்தது போல் இருந்தது. யாரும் வாங்கவில்லை.

"இதுல ஒரு தப்பு காட்டுங்க பாப்போம்" என்று கேட்டு, போகிற கல்யாணத்துக்கெல்லாம் அதையே பரிசாகக் கொடுத்தாள். அந்த நாட்களில் பாறசாலைப் பக்கம் கல்யாணம் முடித்தவர்கள் வீட்டில் ஒன்றாவது இருக்கும், மேலுறை பிரிக்காமல்.