மான்தோல் மேலங்கியைப் பார்க்க வந்தவர்

2023 ஒக்டோபர் 17, செவ்வாய். நான் குடியிருக்கும் ஹரோவில் 7.12 ரயிலைப் பிடித்து, 8.25க்கு அருங்காட்சியகத்தின் நிலக்கீழ்க் களஞ்சியத்தைத் திறந்தேன். ஜன்னல் இல்லாத அந்த அறைக்குப் பதினொரு வருடமாக நான்தான் காவல்.

பத்து மணிக்கு வந்தவர் வட கனடாவில் வாழும் க்ரீ பழங்குடியைச் சேர்ந்தவர். அறுபது வயதிருக்கும். அகன்ற தோள், நரைத்த ஒற்றைப் பின்னல். சட்டைப்பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். இழுப்பறையைத் திறந்து மான்தோல் மேலங்கியைக் காட்டினேன். அவருடைய முப்பாட்டனார் உடுத்தது. அவர் பையிலிருந்து பின்னிய வாசனைப் புல்லை எடுத்தார். அதைக் கொளுத்திப் புகை காட்டிய பிறகுதான் முன்னோரோடு பேசலாமாம்.

“இங்கே நெருப்புக்கு அனுமதி இல்லை ஐயா. புகை மணி அடிக்கும்,” என்றேன்.

“உள்ளே வர மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மூச்சு விடவும் போட வேணுமா?” என்று சிரித்தார். பிறகு சொன்னார்: “எங்கள் ஆற்றில் அணை கட்ட வந்த அரசாங்கத்தையே கோர்ட்டுக்கு இழுத்த சனம் நாங்கள். எங்கள் காட்டைப் பற்றி இப்போது எங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். இங்கே ஒரு மணியிடம் தோற்கிறேன்.”

“ஊருக்கு எப்போது?”

“நாளை காலை ஆறு மணிக்கு விமானம்.”

அரை மணி நேரம் மேலங்கியின் முன் பேசாமல் நின்றார். அதைத் தொடவேயில்லை. பின் புல்லைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் 8.25க்கு முதல் வேலையாகத் தீப்பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். பத்து நிமிடம் முன்னதாகச் சொன்னால் மணியை நிறுத்திவைக்கலாம் என்றார்கள். இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம்.