மனையும் மனெயும்

போன வாரம் ஆனேக்கல்லில் பஸ் ஏறி, எல்லை தாண்டி ஓசூரில் இறங்கினேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை, தோழியின் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் ஒரு தகரப் பலகை: ‘வீட்டு மனைகள் விற்பனைக்கு.’ அதைப் படித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார்.

“மனை பாக்கறீங்களாம்மா?”

“மனைன்னா என்னங்க?” என்று கேட்டேன்.

எனக்குப் பின்னால் துணைக்கு யாராவது ஆம்பளை வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்றானதும் பொறுமையாகச் சொன்னார்: “காலி எடம்மா. வூடு நீங்கதான் கட்டிக்கணும்.”

இதை அந்தக் காலத்தில் யாராவது எங்களுக்கு வீடு விற்றவரின் வாசலில் நின்று சொல்லியிருந்தால், நான் இப்படி ஓசூர் வெயிலில் ஒரு தகரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க மாட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள்: எல்லைக்கு இந்தப் பக்கம் மனை என்றால் வெற்று நிலம். அந்தப் பக்கம் கன்னடத்தில் மனெ என்றால் வீடு. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த ஒன்றில்தான் நாங்கள் குடும்பத்தோடு விழுந்தோம்.

அப்போது பெங்களூர் அல்சூரில் குடியிருந்தோம். சுதந்திரம் வந்த புதிதில் அப்பாவுக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்து வேலூரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அல்சூரில் கன்னடம் தேவைப்படவே இல்லை. பால், மளிகை, சலவை, குழாயடிச் சண்டை எல்லாம் தமிழ். கண்டோன்மெண்ட்டும் சிட்டியும் ஒரே ஊராகிவிட்டன என்று பேப்பரில் போட்டார்கள். அம்மா மட்டும் கடைசிவரை சிட்டிக்குப் போவதை ‘வெளியூர் போறது’ என்றுதான் சொன்னாள்.

அப்பாவுக்குத் தமிழ் என்றால் உயிர். நல்ல குணம்தான், அளவோடு இருந்தால். வீட்டில் யார் இங்கிலீஷ் வார்த்தை சொன்னாலும் அன்றைக்குச் சொன்னவர்தான் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாயில் வரிசையில் நிற்க வேண்டும். நானோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த புதிது. வேலை நேரம் முழுக்க ‘நம்பர் ப்ளீஸ்’ சொல்லிச் சொல்லி, சாப்பிட உட்கார்ந்தால்கூட “குழம்பு ப்ளீஸ்” என்று வந்துவிடும். எங்கள் வீட்டுத் தண்ணீர் மொத்தமும் என் இடுப்பில்தான் வந்தது. ஆனால் அந்த எக்ஸ்சேஞ்ச்தான் எனக்குக் கன்னடம் கற்றுக்கொடுத்தது. கன்னடத்தில் கொஞ்சல், தக்கணி உருதுவில் வசவு, இங்கிலீஷில் அதட்டல் என்று நகரமே என் காது வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது. இருபது வயதில் அது கொடுத்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

சொந்த வீடு என்ற பேச்சு எழுந்ததும் மல்லேஸ்வரம்தான் வேண்டும் என்று குதித்தவள் நான். பிளேக் வந்த காலத்தில், நெரிசலை விட்டு ஜனங்கள் தள்ளி வாழட்டும் என்று போட்ட பேட்டை அது. நேர்நேரான தெருக்கள், ஓட்டுக்கூரை, முகப்பில் மரச்சட்டங்கள் வைத்த கூம்பு, சிவப்புச் சிமெண்ட் தரை. ஒவ்வொன்றையும் ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி வீட்டில் வந்து வர்ணிப்பேன். முதல் தடவை பார்க்கப் போனபோது அப்பா ஜட்காக்காரரிடம் “எட்டாவது குறுக்குத் தெரு” என்றார். ‘எட்டாவது கிராஸ்’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஜட்காக்காரர் எங்களைக் கோயில், சந்தை, ரயில் பாதை என்று எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட நிறுத்திய இடம்தான் நாங்கள் தேடிய வீடு.

இறங்கியதுமே வாசனை. செண்பகம். அங்கே சம்பிகே என்பார்கள். வீட்டின் பின்னால் விரிந்து கிடந்த வெற்றிடத்தின் நடுவில் அந்த மரம் நின்றது. அம்மா மூக்கை உயர்த்தி, “என்னங்க, இந்த மரத்துக்கே குடுக்கலாம் நீங்க சொன்ன வெலைய” என்றாள்.

வீட்டுக்காரர் சேஷப்பா. சமஸ்தானத்து உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஜரிகைத் தலைப்பாகை, தணிந்த குரல். அவரிடம் விலை பேசப் போன அன்று, “நானும் வரேம்ப்பா, எனக்குக் கன்னடம் வரும்” என்றேன்.

“வெல பேசற எடத்துல பொண்ணுக்கு என்னம்மா வேலை?”

“அப்ப ஒரு தரகரையாவது வெச்சுக்குங்க” என்றாள் அம்மா.

“கன்னடமும் தமிழும் அக்கா தங்கச்சி. அக்கா தங்கச்சி பேசிக்கறதுக்கு நடுவுல ஆள் எதுக்கு?”

அக்கா தங்கச்சி பேசிக்கொண்டார்கள். அப்பா தமிழில் கேட்டார், “மனை முழுசும் எங்களுக்குத்தானே?” சேஷப்பா கன்னடத்தில் சொன்னார், “ஹௌது ஹௌது, மனெ பூர்த்தி நிம்மதே.” ஆமாம் ஆமாம், வீடு முழுவதும் உங்களுடையதே. இரண்டு பேரும் கைகுவித்துக்கொண்டார்கள். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று மாலை அப்பா வந்து சொன்னதெல்லாம் தமிழில்தான்: “மனை முழுசும் நம்மதுன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு.” விலை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதைத் தன் தமிழுக்குக் கிடைத்த மரியாதையாக அவர் எடுத்துக்கொண்டார். பத்திர ஆபீசில் கன்னடத்தில் வாசித்துக் காட்டினார்களாம். ‘மனெ’ வரும்போதெல்லாம் அப்பா தலையாட்டினாராம்.

பெங்களூரில் யாராக இருந்தாலும், தமிழரோ கன்னடியரோ, காலி நிலத்தை ‘சைட்டு’ என்றுதான் சொல்வார்கள். அது இங்கிலீஷ் ஆயிற்றே, அப்பா மட்டும் சொல்ல மாட்டார். ஒரே ஒரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால், அபராதம் ஒரு குடம் தண்ணீரோடு போயிருக்கும்.

குடிவந்த பிறகு அப்பா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். “பின்னால இவ்வளவு மனை கெடக்குது. உனக்குன்னு ஒரு அறை கட்டித் தரேன். கதவ சாத்திக்கிட்டுப் படி.” அதன் ருசி உங்களுக்குப் புரிய வேண்டுமானால், இரவு டியூட்டி முடித்துவிட்டு வந்து கூடத்தில் படுத்துப் பார்க்க வேண்டும். வருகிறவர் எல்லாம் தாண்டிக்கொண்டு போவார்கள். தனியாக பி.ஏ. எழுத வேண்டும் என்று எனக்கு வெறி. பிறந்ததிலிருந்து சாத்திக்கொள்ள ஒரு கதவு எனக்கு இருந்ததில்லை. விடுமுறை நாளில் கோலமாவை எடுத்துப்போய்ச் செண்பகத்தின் பக்கத்தில் தரையில் என் அறையை வரைவேன். இங்கே ஜன்னல், இங்கே மேஜை. மழை அழிக்கும். மறுபடி வரைவேன், ஒவ்வொரு தடவையும் அறை கொஞ்சம் பெரிதாகும்.

ஒரு நாள் காலையில் பின்பக்கம் ஆட்கள் பேசும் சத்தம். முளை அடித்துக் கயிறு கட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ் ஆட்கள், தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு. அப்பா எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்துவிட்டார் என்று என் மனசு பறந்தது. அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நானோ தலையைக்கூடப் பின்னிக்கொள்ளாமல் ஓடிப்போய் மேஸ்திரியிடம் அதிகாரம் செய்தேன்.

“ஜன்னல் மரத்தப் பாத்து வரணும், மேஸ்திரி. என் கோட்டப் பாத்துக்கிட்டீங்கல்ல?”

அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“எந்த ஜன்னலும்மா? இது பெரியவரு பொண்ணுக்குக் கட்டற வூடு. மரம் நாளைக்கி எறங்கிடும்.”

“எந்தப் பெரியவரு?”

“தலப்பா கட்டிக்கினு வராரே, அவுருதான்.”

சேஷப்பா வந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார், அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. அக்கம்பக்கத்தில் வீடு எழும்பினால் நாங்களும் சந்தோஷப்படுவோம் என்று நினைத்திருக்கிறார். அப்பா பல் தேய்த்த வாயோடு ஓடிவந்து, “எங்க மனையில என்ன பண்றீங்க?” என்று கத்தினார்.

சேஷப்பா நிதானமாகக் கன்னடத்தில் பதில் சொன்னார். “மனெ நிம்மது. ஜாகா நந்து.”

அப்பா என் பக்கம் திரும்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கன்னடம் அவருக்குத் தேவைப்பட்டது.

“என்னம்மா சொல்றாரு?”

“வீடு நம்மளதாம்ப்பா. எடம் அவருதாம்.”

“மனைன்னு சொன்னாரே! அவரு வாயால சொன்னாரே!”

“மனென்னா கன்னடத்துல வீடுப்பா.”

“ஒனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?”

“எப்பவுமே தெரியும். நீங்கதான் என்னைக் கூட்டிக்கிட்டுப் போகல.”

ஒருவன் ஏமாற்றியிருந்தால் அவனைத் திட்டியாவது ஆறியிருக்கலாம். சேஷப்பா யோக்கியர். பத்திரத்திலும் அப்படியே இருந்தது. அப்பா வக்கீலிடம் போனார், படித்துப் பார்த்த வக்கீல் பதில் சொல்வதற்குமுன் சிரிப்பை அடக்கிக்கொண்டாராம். அப்பா அந்தச் சிரிப்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மரம் சொன்னபடி மறுநாளே இறங்கியது. வெட்டிய கட்டை மூன்றுநாள் மணத்துக்கொண்டு கிடந்தது. பிறகு சுவர் எழும்பி எங்கள் சமையலறை ஜன்னலை ஒட்டி நின்றது. பகலிலும் விளக்குப் போட்டுச் சமைத்தாள் அம்மா. அந்தப் பெண்ணின் புது வீட்டில், ஏறக்குறைய நான் கோலமாவில் வரைந்த இடத்தில், விறகு அடுக்கினார்கள். நான் கூடத்தில் படுத்துக்கொண்டே பி.ஏ.வை மறந்தேன்.

சிரிப்பு வருகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்தில் புரோகிதர், “பொண்ண மணையில உக்காத்துங்கோ” என்று உரக்கச் சொன்னார். அவர் சொன்னது பலகையை. அப்பாவின் முகம் சட்டென்று செத்துவிட்டது. எனக்கென்று கிடைத்த மனை அந்த ஒன்றுதான். அதுவும் சத்திரத்துப் பலகை, எழுந்ததும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றார். வாங்கியவர் வேறு யார், சேஷப்பாவின் மருமகன்தான். உள்ளே வந்துகூடப் பார்க்கவில்லை. “மனெ ஹளேது. நமகே ஜாகா இத்ரெ ஸாக்கு” என்றார். வீடு பழசு, எங்களுக்கு இடம் இருந்தால் போதும். நாங்கள் வாங்கியதாக நம்பிய இடம் போய், வாங்கிய வீடும் மதிப்பில்லாமல் போயிற்று. மரச்சட்டக் கூம்பை இறக்கி வெந்நீர் அடுப்புக்கு எரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் எக்ஸ்சேஞ்சிலும் இப்போது இயந்திரமே இணைப்புக் கொடுக்கிறது, நம்பர் கேட்க ஒரு பெண் தேவையில்லை. எட்டாவது கிராஸில் போனால் செண்பகம் எங்கே நின்றது என்று என்னாலேயே காட்ட முடியாது.

அப்பா மறுபடி அல்சூரில், வாடகை வீட்டில், அதே தெருக்குழாய்க்கு எதிரில் இருக்கிறார். ஓசூரிலிருந்து நேரே அங்கே போனேன். பேச்சுவாக்கில் அந்தப் பலகையைப் பற்றிச் சொன்னேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “அங்கயும் சைட்டு வெலயெல்லாம் ஏறிப்போச்சாமே” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். குடம் மூலையில் காலியாகத்தான் இருந்தது. யாரும் அவரைக் குழாயடிக்கு அனுப்பவில்லை.