கூறைச் சேலைப் பக்கம் நின்றவள்

என் கணவர் இறந்து இரண்டு மாதம். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. வெள்ளவத்தைப் புடவைக் கடையில் கூறைச் சேலைப் பக்கம் வேலைக்கு நின்ற என்னை, "கலியாணச் சனம் அபசகுனமெண்டு நினைக்கும்" என்று மனேஜர் மூன்றாம் மாடி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார். லிஃப்ட்டும் இல்லை.

ஒருநாள் சேலைக் கட்டோடு இறங்கி வந்தேன். கூறை எடுக்க வந்திருந்த ஒரு கலியாணப் பெண்ணின் தாய் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை எடுத்துத் தரட்டும். பிள்ளைத்தாய்ச்சியின்ர கை நல்லது" என்றார்.

மனேஜர் திருதிருவென்று விழித்தார். உண்மையை மறைத்து நிற்க எனக்கு மனமில்லை.

"அன்ரி, என்ர அவர் செத்துப்போனார்."

அந்த அன்ரி என் கையைப் பிடித்தார். "அதுக்கென்ன மகள்? வயித்தில பிள்ளை இருக்குத்தானே. அந்தச் சிவப்பை விரியுங்கோ. தம்பி, இவவுக்கு ஒரு கதிரை கொண்டுவாங்கோ!"

தம்பி என்றது மனேஜரைத்தான். கொண்டுவந்தார். அதில் உட்கார்ந்தபடியே சேலை விரித்தேன், சிரிப்பை அடக்க முடியாமல். பிறகு அவர் என்னை மேலே அனுப்பவேயில்லை.